பெயரில்லாத தாளும் எமது பிள்ளைகளும்



பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவி ஆசிரியர் நான். கல்முனைப் பகுதியில் எம்போன்றோரிடம் தொழுகைச் சட்டம் மட்டுமல்ல, வீட்டுப் பிரச்சினைகளும் வந்து சேரும். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தகப்பன் என்னைப் பள்ளிவாசல் முன்றலில் நிறுத்திக் கேட்டார்:

“மௌலவி, ஸ்கூல்ல மகனுக்கு ஒரு கடதாசி குடுத்திருக்காங்க. பேர் எழுதத் தேவல்லையாம். சிகரட் குடிச்சிருக்கியா, கஞ்சா பாவிச்சிருக்கியா, சாகணும் எண்டு நினைச்சிருக்கியா எண்டெல்லாம் கேட்டிருக்காங்க. அவன் உள்ளதை எழுதினா, மறைக்க வேண்டிய பாவத்தை வெளியாக்கினதாகாதா?”

நல்ல கேள்விதான். செய்த பாவத்தைப் பறைசாற்றக் கூடாது, பிறர் குறையைத் துருவக் கூடாது என்றே நாமும் ஓதினோம். ஆனால் ஒருவரது பாவம் வெளியாவதற்கு, அவர் இன்னார் என்று தெரிய வேண்டும் அல்லவா? பெயரும் சுட்டெண்ணும் இல்லாத தாளில் இன்னார் என்பதே இல்லை. வைத்தியரிடம் நோயைச் சொல்வதை எவரும் பாவம் என்பதில்லை. இந்த வினாக்கொத்து, ஓர் ஊரே சேர்ந்து வைத்தியரிடம் நோயைச் சொல்வது போன்றது. அதில் எழுதும் பொய்யோ, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைத் தடுக்கிறது. இதையே அவருக்குச் சொன்னேன்.

இத்தகைய தாள்கள் எமக்கு என்ன சொல்லித் தந்துள்ளன என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டு உலக சுகாதார தாபனத்தின் முறைப்படி எமது நாட்டில் 13 முதல் 17 வயது வரையான மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதற்கு முந்திய ஓராண்டினுள், தற்கொலை பற்றித் தீவிரமாக எண்ணியதாக நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேர் எழுதியிருந்தனர். 40 பேர் இருக்கும் வகுப்பில் மூவர் அல்லது நால்வர் எனக் கணக்கிடலாம். நாம் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது முன்வாங்கில் அமைதியாக இருப்பவனும் அவர்களில் ஒருவனாக இருக்கலாம்.

2019இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நடத்திய ஆய்வோ, நாட்டில் சுமார் 3 லட்சம் பேர் கஞ்சாவும் 90 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஹெரோயினும் பாவிப்பதாக மதிப்பிட்டது. வீடு வீடாகச் சென்று எடுக்கும் எந்தக் கணக்கிலும் சிறையில் இருப்பவனும் வீதியில் உறங்குபவனும் அகப்படுவதில்லை. கதவைத் திறந்து “எங்கட வீட்டில் அப்படி யாருமில்லை” என்று சொன்ன உம்மாவின் மகனும் அகப்படுவதில்லை.

போதையும் மனநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தூக்கமின்மை, பயம், துக்கம் ஆகியவற்றால் வாடுபவன் நண்பன் நீட்டும் மாத்திரையில் ஆறுதல் தேடுகிறான். ‘ஐஸ்’ பாவிப்பவனோ நாட்கணக்கில் உறக்கமிழக்கிறான். யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சந்தேகிக்கிறான். போதை இறங்கியதும் கடும் சோர்வில் விழுகிறான்.

எமது கரையோர ஊர்களில் துக்கத்துக்குக் குறைவிருந்ததா? யுத்தம் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேலாக, இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அன்று தாயைத் தேடி அழுத குழந்தைகள் இன்று தாமே பெற்றோர். மகளுக்குச் சீதன வீடு கட்டவென்று வாப்பா கட்டாருக்குப் போக, வளரும் மகனைக் கவனிக்க ஆளில்லாத வீடுகளும் எம்மிடையே உண்டு.

கணக்கெடுத்து என்ன பயன் என்பீர்கள். 1995இல் எமது நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்றளவில் தற்கொலை செய்துகொண்டனர். அது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. மரணங்களை எண்ணி ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பகுதிக்குப் பூச்சிநாசினியே காரணம் எனக் கண்டனர். கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த வகைகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே வந்தது. இருபது ஆண்டுகளில் சுமார் 93 ஆயிரம் உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். மரணங்களை எண்ணியதால்தான் காரணம் தெரிந்தது.

நாமோ எண்ண விடுவதில்லை. பிள்ளை தடம் மாறினால் தண்ணீர் ஓதி வாங்குகிறோம். வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறோம். “கலியாணம் முடிச்சு வெச்சாச் சரியாகிடும்” என்கிறோம். ஓதித் தருவதை நான் குறை கூறவில்லை. நானும் ஓதித் தருபவன்தான். ஆனால் ஓதிய கையோடு வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். கலியாணத்தை மருந்தாக்கினால் நோய் அவனோடுதான் இருக்கும். அதைச் சுமப்பவள் இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளை. எமது ஊர்களில் மாப்பிள்ளை சென்று வாழ்வது பெண் வீட்டில் அல்லவா? அவளது உம்மாவும் வாப்பாவும் சேர்ந்தே அழ நேரிடும்.

எனவே வாசகர்களே, அடுத்த முறை அத்தகைய தாள் பாடசாலைக்கு வந்தால் சம்மதக் கடிதத்தில் தயங்காமல் கையொப்பமிடுங்கள். “உண்மையை எழுது மகன்” என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மாலையில் வந்ததும் “என்ன எழுதினாய்?” என்று துருவாதீர்கள். ஆசிரியர்களும் மாணவனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டாம். பாடசாலைக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்காக விடைகளைத் திருத்தச் சொல்வது பெரும் அநீதி.

பிள்ளை தானாக வந்து ஏதும் சொன்னால் கையை ஓங்காமல் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கமும், போதை சம்பந்தமான ஆலோசனைக்கு 1927 என்ற இலக்கமும் உள்ளன. உயிரை மாய்க்க முயன்றவர் மீது வழக்கு வரும் என அஞ்சி வைத்தியசாலையைத் தவிர்க்கவும் வேண்டாம். அந்தச் சட்டப்பிரிவு 1998லேயே நீக்கப்பட்டுவிட்டது.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.