ஒரு வெள்ளாமைக்கு முன்னால் சொல்லுங்கள்

கடல் கடந்த மடல் – சிங்கப்பூர்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காய்கறிக் கடைகளில் சின்ன வெங்காயம் ஒரே குவியலாகக் கிடப்பதில்லை. தாய்லாந்து வெங்காயம் தனி, ‘ரோஸ்’ வெங்காயம் தனி, இந்திய வெங்காயம் தனி, விலையும் தனித்தனி. மலாய்க்காரர் சம்பலுக்கு எதை எடுப்பார், தமிழர் சாம்பாருக்கு எதை எடுப்பார் என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. தாய்லாந்தின் சீசாகேட் மாகாணத்து வெங்காயம் அந்த நாட்டில் புவிசார் குறியீடு வாங்கியது. ஊர்ப் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். நம் வலைப்பையின் சீட்டில் ‘இந்தியா’ என்பதோடு சரி. பெரம்பலூரும் இல்லை, செட்டிகுளமும் இல்லை. பெயர் இல்லாதது குறைதான். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பை அடுத்த மாதமும் வருமா என்று கடைக்காரருக்கு யாராலும் சொல்ல முடியாதது. தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர் போன்ற ஊரில், விலை கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்வார்கள். சரக்கு நின்றால் பொறுக்கமாட்டார்கள். அன்றைக்கே வேறு நாட்டுக்காரரிடம் போய்விடுவார்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வெளிநாட்டு வணிகத்தில் இன்று முதலில் தேவைப்படுவது, இன்றைய விதி நாளைக்கும் இருக்கும் என்ற உறுதி. அந்த உறுதியை வெளிநாட்டு முதலாளிக்குக் கொடுக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. நம் விவசாயிக்கு அதை ஒருநாளும் கொடுத்ததில்லை. இந்த மடலில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

தமிழகத்தில் சின்ன வெங்காயச் சாகுபடியில் முன்னணியில் நிற்பது பெரம்பலூர் மாவட்டம். ஆலத்தூர் வட்டாரத்தில் செட்டிகுளம், பாடாலூர், நாட்டார்மங்கலம் பக்கம் போனால் வயலோரம் நீளநீளமாகப் பட்டறைகள் தெரியும். தரை ஈரம் ஏறாமல் அடியில் கல் அடுக்கி, இரு பக்கமும் குச்சியால் அடைத்து, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். காற்று ஊடாடவேண்டும், மழை இறங்கக்கூடாது; அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். விலைக்காகச் சில மாதம் காத்திருக்க விவசாயிக்கு இருக்கும் ஒரே கருவி இது. விதை வெங்காயம் வாங்கும் நாளிலேயே பெருஞ்செலவு முடிந்துவிடுகிறது. எழுபது நாளில் விளைந்துவிடும் என்றாலும் அந்த எழுபது நாளுக்குள் திருகல் நோய் வரலாம், கோழிக்கால் நோய் வரலாம், அடைமழையில் வேர் அழுகலாம். இதையெல்லாம் தாண்டி வந்த சரக்கு திருச்சி, திண்டுக்கல் மண்டிகளுக்குப் போகிறது. அங்கே தரம் பிரித்து, கப்பலுக்குத் தாங்கக்கூடியதைத் தூத்துக்குடிக்கு அனுப்புகிறார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று தமிழரும் மலையாளியும் அடுப்பு மூட்டும் இடமெல்லாம் அதற்குச் சந்தை. புதிதாக யாரும் கண்டுபிடித்துத் தரவேண்டியதில்லை. தலைமுறைகளாக இருக்கிற சந்தை அது.

இருக்கிற அந்தச் சந்தையை நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள். 2019 செப்டம்பர் 29 அன்று எல்லா ரக வெங்காய ஏற்றுமதிக்கும் உடனடித் தடை வந்தது. 2020 மார்ச் 15 முதல் நீக்கினார்கள். ஆறே மாதத்தில், செப்டம்பர் 14 அன்று, மறுபடியும் எல்லா ரகத்துக்கும் தடை; 2021 ஜனவரி 1 முதல் அதுவும் நீங்கியது. 2023 ஆகஸ்டில் நாற்பது சதவீத ஏற்றுமதி வரி, அக்டோபரில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை, டிசம்பர் 8 அன்று முழுத் தடை. மார்ச் 31 வரைதான் என்று முதலில் சொன்னார்கள். அந்த நாள் வருவதற்குள் மறு உத்தரவு வரை என்று நீட்டினார்கள். 2024 மே மாதம் தடை நீங்கி, டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் நாற்பது சதவீத வரியும் மிஞ்சின. செப்டம்பரில் விலை வரம்பு போய் வரி இருபது சதவீதம் ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் வரியும் போனது. ஐந்தரை ஆண்டில் இத்தனை திருப்பம். ஒவ்வொன்றுக்கும் காரணம் நாசிக் பெரிய வெங்காயமும் வட இந்திய நகரங்களின் சில்லறை விலையும். ஐப்பசியில் நட்ட வெங்காயம் மண்ணுக்குள் இருக்கும்போதே 2023 கார்த்திகையில் தடை வந்து விழுந்தது. வட இந்தியாவின் அந்த விலைக் கணக்கில் பெரம்பலூருக்கு என்ன பங்கு? உலகச் சுங்க அட்டவணையில் 0703 10 என்ற எண்ணுக்குள் பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் ஒன்றாக இருக்கின்றன. ‘எல்லா ரகமும்’ என்று தில்லியில் எழுதினால் செட்டிகுளத்துப் பட்டறையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. சின்ன வெங்காயத்தைத் தனியாகப் பிரித்துக் குறியீடு தரவேண்டும் என்று விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் கேட்டுவருவது இதனால்தான்.

வாங்குகிறவர் பக்கமிருந்து இது எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு சான்று போதும். 2019 அக்டோபரில் தில்லியில் நடந்த இந்திய–வங்கதேச வணிகர் கூட்டத்தில் அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா இந்தத் தடையைப் பற்றிப் பேசினார். வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாக அவர் சொன்னது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம்: முன்கூட்டியே தெரிவித்திருந்தால் வேறு எங்காவது வாங்க ஏற்பாடு செய்திருப்போம், இனியாவது சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தடை போடவே கூடாது என்று அவர் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போடுங்கள் என்றுதான் கேட்டார். அடுத்த ஆண்டும் சொல்லாமலே போட்டோம். எல்லையில் லாரிகள் நின்றன. வங்கதேசம் மியான்மர், எகிப்து, துருக்கி, சீனா என்று வேறு இடங்களைத் தேடிப் போனது. வெளியே போன வாடிக்கையாளர் பாதிப்பேர் திரும்பினாலும் பழைய நம்பிக்கையோடு திரும்புவதில்லை. விலையில் பேரம் கூடும், முன்பணம் குறையும், ‘தடை வந்தால் நஷ்டம் உன் தலையில்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறும். அந்த வரியின் சுமை ஏற்றுமதியாளரிடமிருந்து மண்டிக்கும் மண்டியிலிருந்து வயலுக்கும் இறங்கும்.

இதே மாவட்டங்களில் இன்னொரு ஏற்றுமதிக் கதையும் நடந்துகொண்டிருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரின் சிப்காட் தொழிற்பூங்காவில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். தைவான் கூட்டாளியோடு சேர்ந்து க்ராக்ஸ் காலணி செய்யும் ஆலை அங்கே வந்தது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பர் 15 அன்று இன்னொரு தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்றார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். சிமெண்ட் ஆலைச் சுண்ணாம்புக் குழிகளுக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே மாதச் சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த ஆலைகளுக்கு அரசு என்னென்ன கொடுத்தது என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டிலேயே காலணித் துறைக்கென்று தனிக் கொள்கை. நிலம், மின்சாரம், சலுகை எல்லாம் எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையில் என்று எழுத்தில். ஒரு நள்ளிரவில் ‘நாளை முதல் காலணி கப்பல் ஏறக்கூடாது’ என்று உத்தரவு வருமென்று அந்த முதலாளி பயப்படவேண்டியதில்லை. அந்தப் பயம் இருந்தால் அவர் வந்திருக்கவேமாட்டார். அதே சாலையில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் வெங்காய விவசாயிக்கு மட்டும் அந்தப் பயம் ஏன்?

ஏற்றுமதிக்கு எதிர்காலம் காலணிதான், வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் அழவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இந்த இரண்டு மாவட்டங்களுமே பெரிய திட்டங்களுக்கு நிலம் கொடுத்துக் காத்திருந்த அனுபவம் உள்ளவை. பெரம்பலூர் மாவட்டத்தின் திருமாந்துறை வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சுமார் 3,000 ஏக்கர் போனது; சொன்ன தொழிற்சாலைகள் வரவில்லை. ஜெயங்கொண்டத்தில் 1990களில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கு நிலம் எடுத்தார்கள்; இழப்பீட்டு வழக்குகள்தான் நீண்டன, திட்டம் கைவிடப்பட்டது. ஆலை வந்தாலும் அதன் விதி நம் கையில் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு ஐம்பது சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூரும் ஆம்பூரும் இறால் பண்ணைகளும் ஒரே மாதத்தில் நிலைகுலைந்தன. ஒப்பந்தம் போட்ட பிறகு விதியை மாற்றுவது நியாயமா என்று நாடே கேட்டது. நியாயமான கேள்வி. கொழும்பு வணிகரும் கிள்ளான் வணிகரும் நம்மிடம் கேட்கும் கேள்வியும் அதுதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. காலணி வரட்டும். ஆனால் ஒரு மாவட்டத்தின் வெளிநாட்டு வணிகம் ஒரே தூணில் நிற்கக்கூடாது. அந்நியர் கொண்டுவரும் ஆர்டர் ஒரு தூண் என்றால், நாமே விளைவித்து நாமே விற்பது இன்னொன்று.

ஏழை வீட்டுச் சமையலைப் பற்றியும் கேட்பார்கள். இதுதான் கனமான ஆட்சேபம். கிலோ நூறைத் தாண்டும்போது வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பழையசோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நாலு சின்ன வெங்காயம்கூட இல்லை என்றால் எந்த அரசும் சும்மா இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. பெரிய வெங்காயம் ஏறினால் மக்கள் சின்னதுக்கு மாறுவதும், அதன் விலையும் கூடவே ஏறுவதும் உண்மை. ஆகவே சின்ன வெங்காயத்துக்கு என்றைக்கும் கட்டுப்பாடே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் சின்ன வெங்காயத்தை அன்றாடம் சமைப்பது பெரும்பாலும் தமிழகமும் கேரளமும் கர்நாடகத்தின் சில பகுதிகளும். தில்லியிலும் கான்பூரிலும் பெரிய வெங்காய விலை ஏறியதற்குத் தூத்துக்குடியில் சின்ன வெங்காயக் கண்டெய்னரை நிறுத்தினால் தில்லிக்கு ஒரு கிலோவும் கூடப் போய்ச்சேராது. தென்மாநிலச் சந்தை விலையைப் பார்த்து, தென்மாநிலச் சரக்குக்குத் தனியாக முடிவெடுப்பதுதான் ஏழைக்கும் விவசாயிக்கும் பொருந்தும் வழி. தடையால் இந்த ஆண்டு விலை விழுந்தால் அடுத்த பட்டத்தில் நடவு குறையும். நடவு குறைந்தால் அதற்கடுத்த ஆண்டு அதே ஏழை இன்னும் கூடுதல் விலைக்கு வாங்குவார்.

தனிச் சலுகை கொடுத்தால் பெரிய வெங்காயத்தைச் சின்னதென்று எழுதிக் கடத்துவார்கள் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. இதற்கு விடை ஏற்கெனவே அரசின் கோப்பிலேயே இருக்கிறது. 2019 அக்டோபரில் தடை நடப்பில் இருந்தபோதே பெங்களூர் ரோஸ் வெங்காயத்தில் 9,000 டன்னைச் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும் அனுப்ப அனுமதித்தார்கள். 2020 அக்டோபரில் ரோஸ், ஆந்திரத்துக் கிருஷ்ணபுரம் வெங்காயம் இரண்டுக்கும் தலா 10,000 டன், மறுபடி சென்னை வழி. 2024 மே மாதம் ரோஸ் வெங்காயத்துக்கு ஏற்றுமதி வரியிலிருந்து விலக்கு; மாநிலத் தோட்டக்கலைத் துறையின் சான்று வேண்டும் என்பது நிபந்தனை. அளவு, துறைமுகம், சான்று என்று மூன்று பூட்டுகள். ரோஸுக்கு உள்நாட்டில் கிராக்கி இல்லை, முழுக்க வெளிநாட்டுக்கென்றே விளைவது, அதனால்தான் விலக்கு என்பார்கள். சரிதான். அதனால் சின்ன வெங்காயத்துக்கு முழு விலக்கு கேட்க முடியாது. அளவு வரம்போடு, தூத்துக்குடி வழியாக, மாவட்டத் தோட்டக்கலை அலுவலகச் சான்றோடு அனுப்பக் கேட்கலாம். விரல்நுனி அளவுள்ள, இரண்டு மூன்று பல்லாகப் பிரியும் வெங்காயத்தை நாசிக் வெங்காயத்திலிருந்து பிரித்தறியச் சுங்க அதிகாரிக்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம்.

லாபம் வியாபாரிக்குத்தானே என்பவர்களும் உண்டு. பெருமளவு உண்மைதான். ஆனால் நஷ்டம் யாருக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தடை அறிவித்த மறுநாள் காலை விலை இறங்குவது மண்டியில். வியாபாரி வாங்குவதை நிறுத்திக்கொள்வார்; விவசாயியால் எடுத்த வெங்காயத்தை மண்ணுக்குள் திருப்பி வைக்க முடியாது. லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தாங்களே தரம் பிரித்து, உலர்த்தி, செட்டிகுளம் என்று சீட்டு ஒட்டி அனுப்பவேண்டும். அதற்கு உலர்களமும் பிரிப்பு இயந்திரமும் பயிர்நலச் சான்றும் ஏற்றுமதிப் பதிவும் வேண்டும், பணம் போடவேண்டும். எப்போது வேண்டுமானாலும் தடை வரும் தொழிலில் எந்த வங்கி அதற்குக் கடன் கொடுக்கும்? பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பத்தின் பெயரை உலகத்துக்குச் சொல்ல முடிந்ததென்றால் வெங்காயத்தின் பெயரையும் சொல்லலாம். ஆனால் பெயர் பெற்ற சரக்கு கடையில் தொடர்ந்து இருக்கவேண்டும்.

ஆகவே கேட்கவேண்டியது பெரிய திட்டமோ கோடிக்கணக்கான மானியமோ அல்ல. வெங்காய ஏற்றுமதி உத்தரவு எதுவானாலும் சின்ன வெங்காயத்தைப் பெயர் சொல்லிப் பிரித்து எழுதட்டும். கட்டுப்படுத்தவேண்டிய அவசியம் வந்தால் முதலில் வரி, பிறகு அளவு வரம்பு, கடைசியில்தான் தடை என்று படிப்படியாக வரட்டும். எந்தப் படி எந்த விலையில் என்பதை முன்கூட்டியே வெளியிடட்டும். ஏற்கெனவே ஒப்பந்தமாகித் துறைமுகத்துக்குக் கிளம்பிய சரக்கை நிறுத்தாமல் விடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே ஒரு வெள்ளாமைக் காலம், விளைச்சலுக்கும் விற்பனைக்கும் சேர்த்துத் தொண்ணூறு நாள், இருக்கட்டும். நட்டவர் எடுத்து விற்றுக்கொள்வார், நடாதவர் மக்காச்சோளத்துக்கோ பருத்திக்கோ மாறிக்கொள்வார், இங்கிருக்கும் இறக்குமதியாளரும் மாற்று ஏற்பாடு செய்துகொண்டு அடுத்த பருவத்துக்குத் திரும்பி வருவார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் வணிக அமைச்சகத்துக்கும் மாநில அரசு வெளிநாட்டு வணிக இயக்குநரகத்துக்கும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோக இதுவே சரியான வேளை. வரியும் இல்லாமல் தடையும் இல்லாமல் ஏற்றுமதி திறந்திருக்கும்போது பேசினால்தான் நிதானமாகக் கேட்பார்கள். விலை ஏறித் தொலைக்காட்சி கூச்சலிடத் தொடங்கிவிட்டால் யார் காதிலும் ஏறாது.