தற்காலிகம்

2019 மார்ச்சில் மென்செஸ்டர் யுனைட்டட் பாரிஸில் 3-1 என வென்ற மறுநாள், சோனகத் தெருவில் எங்கள் வீடு இரண்டுபட்டது. தற்காலிகப் பயிற்றுவிப்பாளர் சோல்ஷரையே நிரந்தரமாக்க வேணும் என்றார் நானா. "1999 இறுதியாட்டத்தில கடைசி நிமிசம் கோல் அடிச்ச மனுசன்!"

"கோல் அடிக்கிறது வேற, அணியை நடத்துறது வேற. பொச்செட்டினோவை எடுக்கட்டும்" என்றார் மாமா. பத்து வயதான என்னை யாரும் கேட்கவில்லை. நான் நானாவின் கட்சி.

பேசாமலிருந்த வாப்பா சொன்னார்: "தொண்ணூறில புத்தளம் போனப்ப கொட்டிலும் தற்காலிகம் எண்டுதான் தந்தாங்க. இருபது வருஷம் இருந்தம்."

நான் பிறந்ததும் அங்கேதான்.

மார்ச் 28இல் சோல்ஷர் நிரந்தரமானார். 2021 நவம்பரில் விலக்கப்பட்டார். அன்று மாமா கேலி செய்ய வாயெடுத்தார். வாப்பா நானாவுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.