இரண்டு கோடி பவுண்டு

நேற்று ராத்திரி படுக்கப் போகும் முன் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்றுதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அடிமை உடைமையாளர் தரவுத்தளத்தைத் திறந்தேன். மணி இரண்டாகிவிட்டது.

1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் போட்டபோது பிரிட்டன் இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அந்தக் கணக்கேடுகளை வரலாற்றாய்வாளர் கேத்தரின் ஹால் குழுவினர் பெயர் பெயராகப் புரட்டி, யாருக்கு எவ்வளவு என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். தோட்டக்காரர்கள் மட்டுமில்லை, விதவைகள், பாதிரியார்கள் எல்லாம் வரிசையில் நிற்கிறார்கள்.

ஜான் கிளாட்ஸ்டன் பெயரைத் தட்டினேன். பின்னால் பிரதமரான வில்லியமின் அப்பா. 2,508 பேருக்காக லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கியிருக்கிறார். 1838இல் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானா கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளைக் கப்பலில் வரவழைத்தவரும் இவரேதான். அடிமைகள் போன இடத்துக்கு ஆள் வேண்டுமே!

இந்தத் தரவுத்தள ஆய்வுக்குக் காசு பெரும்பாலும் அரசின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தது. அந்த நஷ்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடனை வரிப்பணத்தில் அடைத்து முடித்ததே 2015இல்தான்.

“வரலாற்று ஆராய்ச்சிக்கெல்லாம் மக்கள் காசா?” என்று போன வாரம் கேட்ட மாமாவுக்கு லிங்க் அனுப்பினேன். நீல டிக் விழுந்தாச்சு. பதிலைக் காணோம்.