மஞ்சள் ஐரிஸும் ரஸ்தாளிக் கன்றும்

குளித்தலைப் பக்கம் காவிரிப் பாசனத்தில் வாழை பயிர் செய்யும் விவசாயி ஒருவர், மனைவியோடு கனடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அக்டோபர் நடுவில் புறப்பட்டு ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. போகும்போதே மனசு சரியில்லை. ரஸ்தாளித் தோட்டத்தில் ஏழெட்டு மரங்களில் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கியிருந்தன. தண்ணீர் தேங்கியதால் வந்ததாக இருக்கும் என்று நினைத்து, வடிகால் வெட்டிவிடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டொரன்டோவில் சும்மா உட்கார அவருக்குக் கை வரவில்லை. அதைப் பார்த்த மகள் கடையிலிருந்து இரண்டு சின்ன வலைப்பைகள் வாங்கி வந்தார். ஒன்றில் மஞ்சள் பூ பூக்கும் ஐரிஸ், இன்னொன்றில் நீலப் பூ பூக்கும் ஐரிஸ். பைக்குப் பத்துக் கிழங்கு. எல்லாம் ஹாலந்தில் விளைந்தவை.

"ஏம்மா, இது நம்ம சின்ன வெங்காயம் மாதிரில்ல இருக்கு?"

"வெங்காயம் மாதிரிதான்ப்பா. ஆனா சாப்பிட்டா வயித்துக்கு ஆகாது."

மகள் திருச்சியில் தாவரவியல் படித்தவர். கிழங்கை இரண்டாக வெட்டிக் காட்டினார். வெங்காயம் போலவே உள்ளே சதைப்பற்றான இலைச்செதில். நடுவில் அடுத்த வருடப் பூவின் மொட்டு. தாவரவியலில் இதைக் குமிழம் என்பார்கள். மேல்தோல் மட்டும் வெங்காயத் தோல் மாதிரி வழவழப்பாக இல்லை. மீன் வலை பின்னியதுபோல நார் நாராக இருந்தது. அந்த வலைத் தோலை வைத்துத்தான் இந்தக் கூட்டத்துக்கே 'ரெட்டிகுலேட்டா' என்று பெயர். லத்தீனில் 'வலை போன்றது' என்று பொருள். காகசஸ் பகுதியிலிருந்து 1808இல் இந்தப் பெயரோடு முதல் வகையை விவரித்தவர் பீபர்ஸ்டைன் என்ற தாவரவியலாளர்.

ஐரிஸ் என்றால் பெரும்பாலும் மஞ்சள், இஞ்சி மாதிரி மண்ணில் படுத்து ஓடும் கிழங்கு உடையவைதான் பலருக்குத் தெரியும். அதே இனத்தில் வெங்காயக் குமிழத்தோடு சில வகைகளும் இருக்கின்றன. குடும்பத்தை எடுத்துக்கொண்டால் குங்குமப்பூவும் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பூக்கும் கிளாடியோலஸும் இதற்குச் சொந்தம். அவை இரண்டும் குமிழம் இல்லை; சேப்பங்கிழங்கு போலக் கெட்டியான கந்தம். ஒரே குடும்பம், மூன்று விதமான களஞ்சியம்.

நீலப் பையில் இரண்டு கிழங்குகளில் மை தெளித்ததுபோலக் கறுப்புத் திட்டுகள் இருந்தன. மகள் அவற்றைத் தனியே எடுத்துக் குப்பையில் போடப் போனார்.

"ரெண்டுதானேம்மா, ஓரமா நட்டுப் பாப்போமே. காசு குடுத்து வாங்கினது."

"வேணாம்ப்பா. இது பூஞ்சாண நோய். மைநோய்னு சொல்லுவாங்க. மண்ணுல இறங்கிட்டா மத்ததையும் பிடிக்கும். இந்தப் பையில உள்ளது பத்துச் செடி இல்லப்பா. ஒரே செடி."

அது என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவில்லை. மீதி எட்டு நீலத்தையும் பத்து மஞ்சளையும் வாசல் பாத்தியில் நான்கு விரற்கடை ஆழத்துக்கு நட்டார். மண்ணில் மணல் கலந்து மேடாக்கினார். வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது வெங்காயம் போட்டவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நவம்பரில் இலை உதிர்ந்தது. டிசம்பரில் பனி மூடியது. இனி எங்கே முளைக்கப் போகிறது என்று விட்டுவிட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் பனி உருகி, பாத்தியின் ஓரத்தில் மட்டும் அழுக்கு வெள்ளையாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காலையில் வெளியே வந்தவர் கூப்பிட்டார். "அடியே, இங்க வந்து பாரு." ஒரு சாண் உயரம்கூட இல்லை. இலை அப்போதுதான் ஊசி மாதிரித் தலைகாட்டியிருக்க, அதற்கு முன்பே பூ வந்துவிட்டது. கிட்டத்தில் குனிந்தால் தேன் வாசனை.

அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நம்ம ஊர்ல வருமா?"

"வராதும்மா" என்றார் மகள். இந்தச் செடிகளின் சொந்த ஊர் துருக்கி, ஜார்ஜியா, ஈரான் பக்கத்து மலைகள். அங்கே குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடக்கும். பனி உருகும் ஈரத்தில் அவசரமாகப் பூத்து, இலை விட்டு, கோடை வருவதற்குள் கிழங்கில் சத்தைச் சேர்த்துவிட்டு மேலே காய்ந்துவிடும். கோடை முழுக்கக் காய்ந்த மண்ணில் தூக்கம். குளிர்காலக் குளிர், கோடையில் வறட்சி, இரண்டும் வேண்டும். நம் சமவெளியில் முதலாவதுக்கு வழியில்லை.

வாழைப்பூவை மடல் மடலாக எண்ணிப் பழகியவர் இந்தப் பூவையும் எண்ணினார். நீலப் பூவில் வெளியே மடிந்து தொங்கும் மூன்று இதழ், உள்ளே நிமிர்ந்த மூன்று இதழ். அவற்றுக்கு நடுவில் இன்னும் மூன்று இதழ் மாதிரி இருப்பவை இதழே இல்லை, சூல்தண்டின் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் கீழே ஒரு மகரந்தத்தாள் ஒளிந்திருக்கிறது. தேனீ தேனுக்காக உள்ளே நுழைந்தால் முதலில் சூல்முடியின் உதட்டில் உரசி, பிறகே மகரந்தத்தைத் தொடும். மஞ்சள் பூவில் நிமிர்ந்த இதழ்கள் மூன்றும் தேய்ந்து வெறும் முள் மாதிரி ஆகியிருந்தன. வெங்காயப் பூவில் மகரந்தத்தாள் ஆறு, ஐரிஸ் குடும்பத்தில் மூன்று. கிழங்கைப் பார்த்து ஏமாந்தாலும் பூவை எண்ணினால் குடும்பம் தெரிந்துவிடும்.

"காய் எங்கம்மா பிடிக்கும்? காம்பே காணோமே."

காம்பு மாதிரித் தெரிவது காம்பு இல்லை, பூவின் குழாய். சூல்பை மண்ணுக்குள் கிழங்கின் தலைமாட்டிலேயே இருக்கிறது. மகரந்தம் சேர்ந்த பிறகு, விதை முற்றும் காலத்தில், காய் மெல்ல மண்ணுக்கு மேலே தள்ளப்பட்டு வரும். நிலக்கடலை மேலே பூத்துக் கீழே காய் இறக்கும். இது கீழே சூல் வைத்து மேலே காய் ஏற்றும். பனிக்காற்றில் பூ கருகினாலும் சூல் பத்திரம்.

"அப்ப மஞ்சளுக்கும் காய் வருமா?"

"அதுக்கு வராதுப்பா. வாழைக்கு வர்றதில்லையே, அந்த மாதிரி."

இங்கேதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த மஞ்சள் ஐரிஸின் பெயர் டான்ஃபோர்டியே. 1876இல் துருக்கியின் டாரஸ் மலையிலிருந்து இதைக் கொண்டுவந்த டான்ஃபோர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயர். மலையில் இருக்கும் காட்டுச் செடிக்கு 18 குரோமோசோம்கள். ஒன்பது ஒன்பதாக இரண்டு தொகுதி. மகரந்தமும் சூலும் உருவாகும்போது அவை ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரியும். கடையில் விற்கும் மஞ்சளுக்கோ 27, மூன்று தொகுதி. மூன்றை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. அதனால் பூ வரும், விதை வராது. குங்குமப்பூவும் அப்படித்தான், எட்டு எட்டாக மூன்று தொகுதி, 24. நாம் சாப்பிடும் வாழையில் பெரும்பாலானவை பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி, 33. காட்டு வாழையில் கறுப்பாகக் கல் மாதிரி விதை இருக்கும். நம் ரஸ்தாளியை நறுக்கினால் தெரியும் சின்னப் புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோனவை.

விதை இல்லாத செடி பெருகுவதற்குக் கிழங்கோ கன்றோதான் வழி. கன்று என்பது பிள்ளை இல்லை. அதே செடியின் இன்னொரு துண்டு. ஹாலந்தில் ஒருவர் பத்தாயிரம் கிழங்கு வைத்திருந்தாலும் அது ஒரே செடி பத்தாயிரம் இடத்தில் நிற்பதுதான். நீலத்துக்கும் அதே கணக்கு; பெயரிட்டு விற்கும் எந்த வகையும் ஒரு கிழங்கிலிருந்து பிரித்துப் பிரித்து வந்ததே. ஒன்று ஒரு நோயைத் தாங்காது என்றால் எதுவும் தாங்காது. அக்டோபரில் மகள் சொன்ன "ஒரே செடி" கணக்கு அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அன்று மாலை மகள் அதே டொரன்டோக்காரர் ஒருவரின் கதையையும் சொன்னார். பெயர் ஆலன் மெக்மர்ட்ரி. கடையில் கிடைக்கும் மலட்டு மஞ்சளை வைத்து எதையும் கலக்க முடியாது என்பதால், 1980களின் நடுவில் துருக்கி மலைகளுக்கே போனார். விதை பிடிக்கும் காட்டு டான்ஃபோர்டியேவைக் கொண்டுவந்தார். அதை சோஃபெனென்சிஸ் என்ற இன்னொரு காட்டு ஐரிஸோடு கலந்தார். விதை போட்டு முதல் பூவைப் பார்க்கவே சுமார் ஐந்து வருடம் ஆகும். அப்பாவுக்கு 18, அம்மாவுக்கு 20 என்று குரோமோசோம் எண்ணிக்கை பொருந்தாததால் முதல் தலைமுறைக் கலப்புகள் லேசில் விதை தரவில்லை. கிடைத்த கொஞ்சத்தை விடாமல் போட்டு, அடுத்த ஐந்து வருடம் காத்தார். அந்த இரண்டாம் தலைமுறையில்தான் யாரும் எதிர்பார்க்காத நிறங்கள் வந்தன. அவற்றில் சில இன்று ஹாலந்து வயல்களில் பெருக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. மலையில் விதையுள்ள செடி மிச்சம் இருந்ததால்தான் இது நடந்தது.

"மலையில அதுவும் இல்லாமப் போயிருந்தா?" என்று கேட்டார்.

"அப்புறம் கடையில உள்ளதுதான்ப்பா. அதுக்கு ஒரு நோய் வந்தா, அதோட முடிஞ்சது."

வாழையில் அது நடந்தே இருக்கிறது. உலகம் முழுக்க ஏற்றுமதியான க்ரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை பனாமா வாடல் நோய் 1960களுக்குள் வணிகத்திலிருந்தே விரட்டிவிட்டது. நம் ரகங்களில் அந்த நோய்க்கு எளிதில் இரையாவது ரஸ்தாளி.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் மகளிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "பூ முடிஞ்சதும் தாளை அறுத்துடாத. வெங்காயத்தாள் மாதிரி, அது பழுக்குற வரைக்கும்தான் கிழங்கு ஊறும்."

ஊர் வந்த மறுநாள் காலை அரிவாளோடு ரஸ்தாளித் தோட்டத்தில் இறங்கினார். மஞ்சளான மரங்கள் இப்போது முப்பதுக்கு மேல். இலைகள் காம்போடு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கின. ஒன்றைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டினார். உள்ளே செம்பழுப்பாக வரி வரியாக ஓடியிருந்தது. பக்கத்தில் பச்சையாக, நன்றாக நின்ற மரத்தின் கன்று ஒன்றையும் வெட்டிப் பார்த்தார். அதிலும் மெல்லிசாக ஒரு வரி. தண்ணீர் தேங்கியதால் வந்தது இல்லை. பனாமா வாடல்.

வைகாசியில் மச்சான் வந்தார். போன வருடமே பேசி வைத்தது. அவர் நிலத்துக்கு முந்நூறு ரஸ்தாளிக் கன்று தருவதாக வாக்கு. வண்டியோடு வந்திருந்தார்.

"மச்சான், இந்தத் தோட்டத்துல இருந்து ஒரு கன்னுகூடத் தர முடியாது."

"ஏன், வேற எவனுக்காவது வெலை பேசிட்டீங்களா?"

"இல்ல. வாடல் வந்திருக்கு."

"நோய் வந்த மரத்த விட்டுட்டு நல்ல மரத்துல எடுத்துக்கிறேனே. பாக்க நல்லாத்தானே இருக்கு?"

வெட்டிவைத்த கன்றுக் கிழங்கை எடுத்துக் காட்டினார். கன்றோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் நோய் போகும்; ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் பல வருடம் கிடக்கும்; மருந்து ஊற்றிக் குணப்படுத்த வழியில்லை. பிடுங்கி எரிப்பது, அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு போடுவது, அங்கிருந்து தண்ணீரும் மண்வெட்டியும் அடுத்த வயலுக்குப் போகாமல் பார்ப்பது, நெல் போட்டுப் பயிரை மாற்றுவது, இவ்வளவுதான் செய்ய முடியும். மச்சானுக்கு முகம் வாடிவிட்டது. காலி வண்டியோடு போனார். ஒரு மாதம் பேச்சில்லை. ஆற்றோரத்துத் தனி வயலில் இருந்த பூவன் கன்றுகளை அவரே கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் பழையபடி ஆனது.

ரஸ்தாளி நின்ற நிலத்தில் இப்போது நெல். மறுபடி வாழை வைக்கும்போது ஒரே ரகமாக வைப்பதில்லை என்று முடிவு. பூவன், நேந்திரன், மொந்தன் என்று பிரித்து வைப்பார். ரஸ்தாளியை விட மனசில்லை. நோய் இல்லாத புது நிலத்தில், சோதித்து வாங்கிய கன்றாக, கொஞ்சம்.

ஜூலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டார். தாள் காய்ந்த பாத்தியைத் தோண்டியிருந்தார். நீலக் கிழங்குகள் எட்டும் பருத்து, பக்கத்தில் குட்டியும் வைத்திருந்தன. மஞ்சள் இருந்த இடத்தில் கிழங்கே இல்லை. வலைத் தோலுக்குள் அரிசி அரிசியாகப் பொடிக் கிழங்குகள், உள்ளங்கை நிறைய. பூத்து முடிந்ததும் தாய்க் கிழங்கு இப்படி உடைந்து சிதறுவது இந்த மஞ்சளின் சுபாவம். அதனால்தான் அடுத்த வருடம் பூக்கவில்லை என்று அங்குள்ளவர்கள் வருடா வருடம் புதிதாக வாங்குகிறார்கள்.

"தூக்கிப் போட்டுடவாப்பா?"

"கறுப்பு இருக்கா பாரு."

மகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இல்லப்பா, சுத்தமா இருக்கு."

"அப்ப நட்டு வை. இந்தத் தடவ ஆழமா வை, அவ்வளவு உடையாது. பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். பக்கத்துலயே வேற ஏதாவது வகையும் கொஞ்சம் வாங்கி வை."