ஃபேனை டைரக்ட் போடாதே, தம்பி

தம்பி, கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 வாங்கியிருக்கிறாய். ஒகேனக்கல் மலைப்பாதையில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது, முன்னால் ஃபேன் சுற்றவில்லை என்கிறாய். "சுவிட்ச் போச்சு, டைரக்ட் கொடுத்துடலாம்" என்று பாப்பாரப்பட்டியிலும் யாராவது சொல்லுவார்கள். சம்மதிக்காதே.

அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் சுற்றியது. உன் வண்டியில் என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதனால் ரேடியேட்டருக்குத் தனி மோட்டார். தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியைத் தாண்டும்போது அதைக் கிளப்புவதுதான் அந்தச் சின்ன சுவிட்ச். சுவிட்சை விட்டுவிட்டு டைரக்ட் கொடுத்தால் பனிக்காலக் காலையிலும் ஃபேன் ஓடும். என்ஜின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் வீணாகும், மோட்டாரும் சீக்கிரம் தேயும். மோட்டார் நின்றுபோனால் முள் ஏறும்வரை உனக்குத் தெரியாது.

முதலில் என்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே, கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் அளவைப் பார். குறைந்திருந்தால் சுவிட்ச் நீராவியில் நிற்கும், சூடு அதற்குச் சரியாகத் தெரியாது. பல நல்ல சுவிட்சுகள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

முள்ளுக்கு ஒரு சென்சர், ஃபேனுக்கு ஒரு சுவிட்ச். இரண்டும் தனித்தனி சாட்சிகள், ஒன்றின் பேச்சை வைத்து மற்றதைத் தண்டிக்கக் கூடாது. ஃபேன் சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்து சாவியைப் போடு. கையை ஃபேனிலிருந்து தள்ளி வை. சுற்றினால் மோட்டாரும் ஃபியூஸும் நல்லவை, சந்தேகம் சுவிட்ச் மேல்தான். சுற்றாவிட்டால் ஃபியூஸிலிருந்து தேடு. புது சுவிட்ச் வாங்கி என்ன பயன்?

சந்தேகம் சுவிட்ச் மேல் என்றாலும், அதைக் கழற்றி முனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்று, மல்டிமீட்டரைப் பிடி. கொதி வருவதற்குள் இணைப்பு காட்ட வேண்டும், ஆறினால் அறுபட வேண்டும். கடையில் வாங்கும் புதியதையும் இப்படியே பார்த்துவிட்டு மாட்டு. பழசு என்பதற்காகச் சந்தேகிப்பதும் புதுசு என்பதற்காக நம்புவதும் ஒரே தவறு. மனிதர்களிடமும் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

முள் சென்சரை மாற்ற நேர்ந்தால் ஒன்றைக் கவனி: அது ஒற்றை வயர் வகை. திருகுமரையே அதற்கு எர்த். அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் திணித்தால் முள் பொய் சொல்லும்.

மாட்டி, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றிய பின் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடு. ஃபேன் தானாகச் சுற்றித் தானாக நிற்க வேண்டும். பிறகு பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் வரை போய்த் திரும்பு. மலைப்பாதை அடுத்த நாளைக்கு இருக்கட்டும்.