பத்துக் குப்பிகள்

சென்ற மாதம்வரை நம் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன் பத்துக் குப்பிகள் நின்றன. மகள் வாங்கியவை. அவளறியாமல் நாமும் தடவிப் பார்த்ததுண்டு (நாற்பதைக் கடந்த முகத்துக்கும் ஆசை உண்டே!).

கொரியப் பெண்களின் 'பத்துப் படிகள்' பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையில் பெருக்கப்பட்ட கதை. நத்தைச் சளிக் களிம்போ கொரியாவுக்கு முன்பே சிலி நாட்டில் விற்றது. 2020இல், '50+' என அச்சிட்ட கொரிய வெயில்காப்புக் களிம்பொன்று சோதனையில் 19 அளவே தேறியது. ஆயினும் வெயில்காப்பை நாள்தோறும் பூசும் அவர்கள் வழக்கத்தில் பொருளுண்டு. சோசன் காலத்துப் பெண்டிர் பாசிப்பயற்று மாவால் முகம் கழுவினர் என்றறிந்தபோது பாட்டியின் பயற்றமாவு டப்பா நினைவில் மணத்தது.

மகளை உறுத்தியது வேறு. 2000இல் நடைமுறைக்கு வந்த கொரிய அழகுப்பொருட் சட்டத்தில் 'வெண்மையாக்கல்' தனி வகை. குப்பியிலும் அதே சொல்.

"என் நிறம் ஒரு குறையாம்மா?" என்றாள்.

ஒன்பது குப்பிகளை அப்புறப்படுத்தினோம். வெயில்காப்பு மட்டும் இருக்கிறது.