மலை ஊரின் மலிவுப் பெட்ரோல்

பைக்ஸ் பீக் மலை ஏறுவதற்கு முன், கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினோம். பங்கில் மஞ்சள் ஸ்டிக்கர்களில் மூன்று எண்கள்: 85, 87, 91. அமெரிக்காவின் பெரும்பகுதியில் 87-தான் அடிமட்ட ஆக்டேன். கொலராடோ, யூட்டா, வயோமிங் போன்ற மலை மாநிலங்களில் மட்டும் அதற்கும் கீழே 85 விற்கிறார்கள். விலையும் குறைவு, கை தானாக அங்கேதான் போகும். நான் வாடகைக் காரின் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே, குறைந்தது 87 என்று ஒட்டியிருந்தது. அதையே போட்டேன்.

85 வந்ததற்குக் காரணம் உண்டு. சிலிண்டருக்குள் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேருமுன்பே, மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். அதைத் தாங்கும் திறனைச் சொல்வது ஆக்டேன் எண். 5,280 அடி உயரத்து டென்வரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, நாக்கிங்கும் குறைவு. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு இந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

இன்றைய வண்டிகள் வேறு. டர்போ எஞ்சின் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடுகிறது. மலை தந்த சலுகை அங்கேயே போய்விடுகிறது. டர்போ இல்லாத வண்டியிலும் கம்ப்யூட்டர், கிடைக்கிற பெட்ரோலுக்கு ஏற்ப பற்றவைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நாக்கிங் தெரிந்தால் தாமதமாகப் பற்றவைக்கும். எஞ்சின் தப்பிக்கும், இழுவையும் மைலேஜும் குறையும். லிட்டருக்கு மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

எங்கள் காரில் டர்போ இல்லை. மரங்கள் நின்றுபோன உயரத்துக்கு மேல் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி மிதித்தும் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கியர் தானாகக் கீழே இறங்கியது. 14,115 அடி உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். எந்த உயர்ந்த பெட்ரோலும் அந்த இழப்பை ஈடுகட்டாது. 87 கேட்கும் வண்டிக்கு 91 போடுவதும் வீண்செலவே.

டென்வரில் 85 நிரப்பிக்கொண்டு கிழக்கே கான்சாஸ் சமவெளிக்கு இறங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காற்று அடர்த்தியாகிவிடும்; டேங்கில் இருப்பதோ மலைக்கான பெட்ரோல். எண்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: நம் ஊரில் சொல்லும் ரிசர்ச் ஆக்டேன் 91, ஏறக்குறைய அமெரிக்க 87-க்குச் சமம். அந்தப் பக்கம் காரோட்டப் போகிறவர்கள் பங்கின் விலைப்பலகையைப் பார்க்குமுன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள எண்ணையே போடுங்கள்.